அரைப்பேர்: மெல்பா லிஸ்டனின் கதை

1999 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரம். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் இரவுப் பணியில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். நள்ளிரவை நெருங்கும் வேளையில் செய்தி முகவரகத்திலிருந்து சிறு குறிப்பொன்று வந்தது. மெல்பா லிஸ்டன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி, ஜாஸ் இசையில் ட்ரொம்போன் வாசித்தவர், இசையமைப்பாளர், ஒழுங்கமைப்பாளர், ஏப்ரல் 23 ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் தமது 73 ஆவது வயதில் காலமானார் என்பது செய்தி. பக்கத்தில் ஆறு வரிகளுக்கு இடமிருந்தது. யார் இந்தப் பெண், நமது வாசகருக்கு இவர் எதற்கு என்று ஒரு கணம் யோசித்துவிட்டு அதனைக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்த இடத்தில் எதனைப் பிரசுரித்தேன் என்பது இன்று நினைவில் இல்லை.

அவ்வேளையில் எனது அறையில், நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த நாள் தொட்டு வைத்திருந்த ஒலிநாடா ஒன்று இருந்தது. நண்பர் ஒருவரின் இசைத்தட்டிலிருந்து பிரதிசெய்தது. எத்தனையோ இரவுகள் அதனைக் கேட்டுக்கொண்டே தேர்வுக்குப் படித்திருக்கிறேன். அதன் மேலட்டையில் என் கையெழுத்தில் 'ரண்டி வெஸ்டன் - உஹூரு அஃப்ரிகா' என்று மட்டும் எழுதியிருந்தேன். பியானோக் கலைஞர் ரண்டி வெஸ்டனின் அந்தப் படைப்பில் ஒலிக்கும் அத்தனை ஊதுவாத்தியங்களுக்கும், எது எப்பொழுது எழ வேண்டும், எது அடங்க வேண்டும் என்று ஒவ்வொரு சுரமாக எழுதிக் கொடுத்தவர் மெல்பா லிஸ்டன் என்பது சில ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரியவந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக நான் கேட்டு மகிழ்ந்த இசையை எழுதியவரின் மரணச் செய்தியைத்தான் என் கையாலேயே கூடையில் போட்டிருக்கிறேன். அந்தக் கடனை இங்கேனும் தீர்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்த ஒருவனுக்கு ஜாஸ் இசை எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எங்கள் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா வீட்டில் சிற்றலை வானொலிப்பெட்டி ஒன்று இருந்தது. அமெரிக்காவின் குரல் வானொலியில் வில்லிஸ் கொனோவர் என்பவர் 1955 ஆம் ஆண்டிலிருந்து நடத்திவந்த ஜாஸ் நிகழ்ச்சியை அவர் விடாமல் கேட்பார். ஆங்கிலம் அறியாதவர்க்கும் புரியவேண்டும் என்பது போல, கொனோவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நான் ஆங்கிலம் பழகியதில் பாதி அவரிடமிருந்துதான். தப்பும் உறுமியும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தத் தாளம் அந்நியமாகப் படவில்லை. ஊதுவாத்தியங்களில் ஒன்று மட்டும் மனிதக் குரலைப் போல இழுத்து இழுத்துப் பேசிற்று. அதுதான் ட்ரொம்போன் என்று கிளாக்கர் ஐயா சொன்னார்.

ட்ரொம்போனில் மற்ற ஊதுவாத்தியங்களில் உள்ளதுபோல் விரலால் அழுத்தும் கட்டைகள் கிடையாது. நீண்ட குழலொன்றை முன்னும் பின்னும் இழுத்துச் சுரத்தைப் பிடிக்க வேண்டும். ஏழு நிலைகள் உண்டு. ஏழாவது நிலைக்குக் கையை முழுவதும் நீட்ட வேண்டும். 1926 ஆம் ஆண்டு ஜனவரி 13 ஆம் திகதி மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் சிற்றியில் பிறந்த மெல்பாவுக்கு ஏழு வயதிலேயே இந்த வாத்தியத்தின் மீது மையல் உண்டாயிற்று. அது அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் அவருக்குத் தெரியாது. கை எட்டவில்லை. ஆறாவது, ஏழாவது நிலைகளைப் பிடிப்பதற்குத் தலையை ஒருபுறமாகத் திருப்பிக்கொண்டு வாசித்தாராம். கிட்டார் வாசிக்கத் தெரிந்த பாட்டனார் துணையிருந்தார். மற்றதெல்லாம் தாமாகக் கற்றது. எட்டு வயதில் உள்ளூர் வானொலியில் தனியாக வாசிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

1937 இல் குடும்பம் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் பெயர்ந்தது. அங்கே அல்மா ஹைடவர் என்ற ஆசிரியை கறுப்பினச் சிறுவர் சிறுமியரைத் திரட்டி இசைக்குழு நடத்திக்கொண்டிருந்தார். மெல்பா அதில் சேர்ந்தார். பதினாறு வயதில் இசைக்கலைஞர் தொழிற்சங்கத்தில் உறுப்பினராகி லிங்கன் அரங்கின் வாத்தியக் குழுவில் அமர்ந்தார். பின்னர் ஜெரால்ட் வில்சனின் பெரிய இசைக்குழுவில் இடம் கிடைத்தது. வில்சனுக்கு உதவியாக வாத்தியங்களுக்குச் சுரம் பிரித்து எழுதும் வேலையை அங்கேதான் அவர் கற்றுக்கொண்டார்.

இந்த வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு மெட்டை உருவாக்குகிறார். பியானோவில் வாசித்தும் காட்டுகிறார். அதனைப் பதினைந்து, இருபது பேர் கொண்ட குழு வாசிக்க வேண்டுமானால் எந்தக் குழல் எந்தச் சுரத்தை எடுப்பது, நான்கு ட்ரொம்போன்கள் சேர்ந்து ஊதும்போது எது மேலே எது கீழே, பாடகர் மூச்சு விடும் இடத்தை எதனால் நிரப்புவது என்பதையெல்லாம் ஒருவர் தீர்மானித்துத் தாளில் எழுதித் தர வேண்டும். அவரே ஒழுங்கமைப்பாளர். நமது திரையிசையில் இவ்வகைப் பணி செய்தவர்களின் பெயர்கள் 'உதவி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் வந்து மறையும். விஸ்வநாதன் - ராமமூர்த்தியின் படங்களில் ஆர். கோவர்த்தனத்தின் பெயர் அவ்வாறுதான் வந்தது. பம்பாயில் ஷங்கர் - ஜெய்கிஷன் பாடல்களுக்கு வாத்தியங்களை அடுக்கிக் கொடுத்த கோவாக்காரர் செபஸ்தியன் டி சூஸாவின் பெயரை அந்தப் பாடல்களை மனப்பாடமாகப் பாடுகின்ற எத்தனை பேர் அறிவார்கள்? பத்திரிகைகளில் உதவி ஆசிரியர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அதைப் பற்றிப் பிறிதொரு சமயம் எழுதுகிறேன்.

மெல்பா வெறும் தாள் எழுதுபவராக மட்டும் இருக்கவில்லை. பள்ளித் தோழரான டெக்ஸ்டர் கோர்டன் என்ற சாக்ஸபோன் மேதையுடன் 1947 இல் ஒலிப்பதிவு செய்தார். 'குறும்புக்காரி' என்று பொருள்படும் தலைப்பில் கோர்டன் வாசித்த பாட்டு மெல்பாவை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பர். 1948 இல் வில்சனின் குழு நியூயோர்க்கில் கலைந்தபோது ட்ரம்பெட் மேதை டிஸி கில்லெஸ்பி தமது குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார். ஜோன் கோல்ட்ரேன் அப்பொழுது அதே குழுவில் இருந்தார். 22 வயதுப் பெண்ணொருத்திக்கு ஜாஸ் உலகில் அதைவிட உயர்ந்த இடம் இல்லை.

அது நீடிக்கவில்லை. 1949 இல் பில்லி ஹொலிடே என்ற புகழ்பெற்ற பாடகிக்குப் பக்கவாத்தியமாக அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குப் போன பயணம் படுதோல்வியாக முடிந்தது. கூட்டம் வரவில்லை, கையில் காசில்லாமல் வழியில் நின்றார்கள். இதற்கு மேலும் ஒன்று உண்டு. அந்நாட்களில் குழுவோடு ஊரூராகத் திரிந்தபோது தம்முடன் வாசித்த ஆண்களின் கையால் பாலியல் வன்முறைக்கு உள்ளானதை மெல்பா முதுமையில் நேர்காணலொன்றில் சொல்லியிருக்கிறார். அதனைச் சொன்ன விதம் என்னை உலுக்கியது. அழவில்லை, குற்றம் சாட்டவில்லை. நடந்தது, மருத்துவரிடம் போனேன், அவ்வளவுதான் என்பதுபோல் சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறார். ஜாஸ் வரலாற்று நூல்களில் கலைஞர்களின் பயணங்கள் உல்லாசமாக வருணிக்கப்படும்போதெல்லாம் அந்த ஒற்றை வரி எனக்கு நினைவுக்கு வரும்.

மெல்பா வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். லொஸ் ஏஞ்சலிஸ் கல்விச் சபையில் எழுதுவினைஞராக வேலைக்குச் சேர்ந்தார். இடையிடையே ஹொலிவூட் படங்களில் துணை நடிகையாகவும் தோன்றினார். 'தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்தின் கூட்டத்தில் அவரும் ஒருவர். லானா டேர்னர் நடித்த 'தி புரொடிகல்' படத்தில் ஹார்ப் என்ற யாழ் வாசிப்பவராக வருகிறார். உண்மையான கலைஞரை வைத்து வாசிப்பதாக நடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

1956 இல் கில்லெஸ்பி மீண்டும் அழைத்தார். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். இனவெறி நாடு என்ற அவப்பெயரைத் துடைப்பதற்காக அமெரிக்க அரசு தனது ஜாஸ் கலைஞர்களை ஆசிய நாடுகளுக்கு அனுப்பத் தீர்மானித்தது. முதலாவதாகப் போனது கறுப்பரும் வெள்ளையரும் கலந்த கில்லெஸ்பியின் குழு. அதில் வாத்தியம் ஏந்திய ஒரே பெண் மெல்பா. கலிபோர்னியாவிலிருந்து ஒரு பெண்ணை எதற்கு இத்தனை தூரம் அழைக்க வேண்டும் என்று சில வாத்தியக்காரர்கள் இழிசொல்லுடன் முணுமுணுத்தார்களாம். கில்லெஸ்பி பதில் பேசாமல், மெல்பா எழுதிவந்த தாள்களை எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். வாசிக்கத் தொடங்கினார்கள். சற்று நேரத்தில் முணுமுணுத்தவர்களின் தொனி மாறிவிட்டது. கில்லெஸ்பி பின்னாளில் தமது சுயசரிதையில் இதனைச் சுவைபடச் சொல்கிறார். எனக்கென்னவோ இதில் சுவையைவிடக் கசப்பே மிகுதியாகத் தெரிகிறது. சேரும் ஒவ்வோர் ஆணும் இப்படித் தாள் கொடுத்துத் தேர்ச்சி காட்ட வேண்டியிருந்ததா என்ன?

ஈரானின் எண்ணெய் நகரமான அபதானில் தொடங்கிய அந்தப் பயணம் டாக்கா, கராச்சி, பெய்ரூட், அங்காரா என்று போய் ஏதென்ஸில் முடிந்தது. இந்தியா அணிசேராக் கொள்கையில் நின்றதால் பம்பாய் நிகழ்ச்சி கைவிடப்பட்டது. இலங்கையும் அப்பயணத்தில் இல்லை. டேவ் புரூபெக் 1958 இலும் ட்யூக் எலிங்டன் 1963 இலும் கொழும்புக்கு வந்தபோது மெல்பா அவர்களுடன் இல்லை. அவர் நமது கரையை மிக நெருங்கியது அந்த 1956 இல்தான். போன நாடுகளில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, மணமாகாத இளம்பெண்ணான நீ எப்படித் தனியாக ஊர் ஊராகச் சுற்றுகிறாய் என்று வியந்து கேட்டதை அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் பட்ட பாட்டை அந்தப் பெண்கள் அறியமாட்டார்கள். அவர்களிடம் சொல்லியிருக்கவும் மாட்டார்.

1958 இல் பெண்கள் ஐவர் கொண்ட குழுவொன்றை அமைத்தார். அதே ஆண்டில் ட்ரொம்போன் கலைஞர்களைத் திரட்டிப் பதிவுசெய்த 'மெல்பா லிஸ்டன் அண்ட் ஹேர் போன்ஸ்' என்பதே தமது பெயரை மட்டும் முன்னிறுத்தி அவர் வெளியிட்ட ஒரே இசைத்தட்டு. அடுத்த ஆண்டு குவின்ஸி ஜோன்ஸின் குழுவுடன் ஐரோப்பா சென்றார். அவர்கள் நம்பிப்போன இசைநாடகம் விரைவிலேயே நின்றுவிட, கடன்பட்டு மாதக்கணக்கில் ஐரோப்பாவில் அலைந்தார்கள். அந்தக் கதையை ஜோன்ஸ் பலமுறை சொல்லியிருப்பதால் இங்கு விரிக்கவில்லை.

ரண்டி வெஸ்டனுடன் அவர் இணைந்ததும் 1958 இல்தான். தம் குழந்தைகளை எண்ணி வெஸ்டன் அமைத்த மெட்டுகளை 'லிட்டில் நைல்ஸ்' என்ற இசைத்தட்டுக்காக மெல்பா ஒழுங்கமைத்தார். அதன் பின் 1960 நவம்பரில் 'உஹூரு அஃப்ரிகா'. உஹூரு என்றால் சுவாஹிலி மொழியில் விடுதலை. ஆபிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்ற ஆண்டு அது. லாங்ஸ்டன் ஹியூஸ் வரிகள் எழுதினார். நான்கு பகுதிகள், இருபதுக்கு மேற்பட்ட கலைஞர்கள், ஆபிரிக்காவிலிருந்தும் கியூபாவிலிருந்தும் வந்த முரசறைவோர். இத்தனையையும் ஒன்றோடொன்று மோதாமல் தாளில் அடுக்க வேண்டியிருந்தது. முரசுகள் பேசும்போது ஊதுவாத்தியங்கள் வாய்மூடிக் காத்திருக்கும் இடங்கள் அதில் உண்டு. எங்கள் தோட்டத்தில் காமன்கூத்து இரவுகளில் தப்புக்காரர்கள் ஒருவருக்கொருவர் இடம்விட்டு அடிப்பதைக் கேட்டவர்களுக்கு அந்தக் காத்திருப்பின் அருமை விளங்கும். 1964 இல் தென்னாபிரிக்க வெள்ளை அரசு அந்த இசைத்தட்டைத் தடைசெய்தது. பாடல் வரிகளுக்கு அஞ்சினார்களா, முரசுகளுக்கு அஞ்சினார்களா என்று நான் யோசிப்பதுண்டு.

1960களில் அவர் எழுதிய தாள்களுக்குக் கணக்கில்லை. பில்லி ஹொலிடே மறைந்தபின் அவர் நினைவாக ஜொனி கிரிஃபின் 1961 இல் வெளியிட்ட 'வைட் கார்டினியா'வில் மெல்பாவின் ஒழுங்கமைப்பு உண்டு. தென் மாநிலங்களில் காசில்லாமல் நின்ற அந்த நாட்களை எண்ணாமல் அதனை அவர் எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும். மோடவுன் நிறுவனத்தின் பாடகர்களுக்காகவும் எழுதினார். வானொலியில் கேட்டுக் காலாட்டியவர்கள் யாரும் அவர் பெயரைக் கேட்டிருக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்துச் சொல்லொன்றை விளக்க வேண்டியிருக்கிறது. காலையில் பெரட்டுக்களத்தில் கூடி மலைக்குப் போனால் செக்ரோல் புத்தகத்தில் அன்றைக்குப் 'பேர்' விழும். பேர் விழுந்தால் நாட்சம்பளம். பால் குறைந்தாலோ, வேலை அரைநாளில் நின்றாலோ 'அரைப்பேர்'. அம்மா விடியுமுன் இருட்டில் கத்தியும் வாளியுமாகப் போவார். வெயில் ஏறினால் இறப்பர் மரத்தில் பால் சுருங்கிவிடும். பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் கெடும், மேலாக வெட்டினால் பால் வராது. அந்தக் கைப்பக்குவத்துக்கு அப்பாவுக்குக் கிடைத்ததைவிடக் குறைவான நாட்சம்பளமே அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்று தோட்டங்களில் ஆனது 1984 ஆம் ஆண்டில்தான். அதன் பிறகும் சம்பள நாளில் அம்மாவின் காசையும் சேர்த்து வாங்கியவர் அப்பா. அது அன்று வழக்கம். அம்மா உட்பட யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. முழுநாள் பால்வெட்டியும் அரைப்பேர் விழுந்த நாட்களில் மட்டும் அம்மா சோறு போடும்போது பேசமாட்டார்.

மெல்பா லிஸ்டனின் தொழில் வாழ்வை நான் அந்தச் சொல்லால்தான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அவர் வெறுமனே ஏமாற்றப்பட்டவர் என்று சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநீதி. அவர் கூச்ச சுபாவமுள்ளவர். மேடை முன்னால் நின்று தனியாக வாசிப்பதைவிட அறைக்குள்ளிருந்து எழுதுவதையே விரும்பினார் என்பது அவரைத் தெரிந்த பலரின் கூற்று. மேடையும் பயணமும் அவருக்கு எதனைக் கொடுத்தன என்று அறிந்த பின், அந்த விருப்பத்தில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு தற்காப்பு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை.

1973 இல் அமெரிக்காவை விட்டு ஜமேக்காவுக்குப் போனார். கரும்புத் தோட்டங்களுக்காகக் கப்பலில் ஏற்றிவரப்பட்ட அடிமைகளின் வழிவந்த மக்களின் தீவு அது. கிங்ஸ்டனில் ஆறாண்டுகள் இசை கற்பித்தார். ஜமேக்காவின் தொடக்ககாலத் திரைப்படங்களில் ஒன்றான 'ஸ்மைல் ஒரேஞ்ச்' (1976) படத்துக்கு இசையமைத்தார். 1979 இல் கன்சாஸ் சிற்றியில் நடந்த பெண்கள் ஜாஸ் விழாவுக்காகத் திரும்பி வந்து, மீண்டும் சொந்தக் குழு அமைத்தார். ஐம்பது வயதைக் கடந்து, தாம் பிறந்த ஊரிலேயே தொடங்கிய இரண்டாவது வாழ்வு அது.

1985 இல் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் செயலிழந்தது. ட்ரொம்போன் குழலை இழுப்பதும் சுரம் எழுதுவதும் வலக்கை. 1987 இல் அமெரிக்காவின் தேசிய ஜாஸ் விருது அவருக்குக் கிடைத்தபோது அவரால் வாத்தியத்தைத் தூக்க இயலாது. சக்கர நாற்காலியில் அமர்ந்து, கணினியின் துணையுடன் இடக்கையால் சுரம் எழுதப் பழகினார். வெஸ்டன் அவரைத் தேடி வந்தார். 1991 இல் 'த ஸ்பிரிட்ஸ் ஒஃப் அவர் அன்ஸெஸ்டர்ஸ்' பதிவானது. முதுமையடைந்த கில்லெஸ்பியும் வந்து அதில் வாசித்தார். ஒருகாலத்தில் தாளைக் கொடுக்கச் சொன்ன அதே மனிதர், அவர் இடக்கையால் எழுதிய தாளைப் பார்த்து வாசித்தார்.

வெஸ்டன் 2018 இல் மறையும்வரை மெல்பாவின் பெயரைச் சொல்லாமல் தம் இசையைப் பற்றிப் பேசியதில்லை. 2010 இல் வந்த தமது சுயசரிதையின் முகப்பில், எழுத உதவியவரின் பெயரை 'ஒழுங்கமைத்தவர்' என்று அச்சிடச் செய்தார். தம்மை 'இசையமைத்தவர்' என்று போட்டுக்கொண்டார். அந்தச் சொல்லின் மதிப்பை யாரிடம் கற்றார் என்று கேட்க வேண்டியதில்லை. 1993 இல் வெளிவந்த 'வொல்கேனோ புளூஸ்' இசைத்தட்டின் முகப்பில் ரண்டி வெஸ்டன், மெல்பா லிஸ்டன் என்று இரு பெயர்களும் சேர்ந்தே நிற்கின்றன.

அம்மாவுக்கு இப்பொழுது எண்பதுக்கு மேல். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது அந்த இசையை அவர் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கைபேசித் திரையில் தெரிந்த படத்தைக் காட்டி, இந்த அம்மாதான் இதையெல்லாம் எழுதினவங்க என்றேன்.

"ஊதுறது யாரு?"

"வேற ஆளுங்க. என்ன ஊதணும்னு எழுதிக் கொடுத்தது இவங்கம்மா. வலது கை வராம இடது கையால எழுதுனது."

அம்மா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "அவங்களுக்குப் பேரு போட்டாங்களா?" என்றார்.

"இதுல போட்டிருக்காங்கம்மா. முழுப்பேரு."

"எத்தன வயசுல?"

"அறுபத்தேழு."

அம்மா தலையசைத்துவிட்டு, இன்னொரு தரம் போடச் சொன்னார்.